குட்டி ஒன்று தேவை

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்று ஓர் இடம். என்றைக்கோ ஒரே ஒரு கடை ஒண்டியாக நின்றிருக்க வேண்டும். இன்றைக்கு சீஸனில் போனால் ஒண்டியாக ஓர் ஆள் நிற்க இடம் கிடையாது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதிரே குடையோடு பெரியப்பா.

"வாடா. குட்டி ஏதாச்சும் கிடைச்சுதா?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணமாகாத முப்பது வயதுக்காரனை நடுரோட்டில் வைத்துக் கேட்கிற கேள்வியா இது!

"ஸ்டாம்ப்புல மிருகக்குட்டிடா!" என்றார், இன்னும் சத்தமாக. நாலு பேர் எட்டுப் பேரானார்கள்.

விஷயம் இதுதான். பெரியப்பா காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ரிடையரானவர். பையன் நியூ ஜெர்சியில். பேத்திக்கு ஆறு வயசு. தமிழ் காதில் விழும், வாயில் வராது, படிக்க சுத்தமாகத் தெரியாது. பெரியப்பாவின் இங்கிலீஷோ 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர் டேட்டட்' ரகம். அதை வைத்துக்கொண்டு பேத்தியை எப்படிக் கொஞ்சுவது? ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் "ஹாய் தாத்தா" என்பாள். அரை நிமிஷத்தில் போன், அவர்கள் வீட்டு சீலிங் ஃபேனைக் காட்ட ஆரம்பித்துவிடும். தாத்தா ஃபேனிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவார்.

"பொறந்த நாளுக்கு லெட்டர் போடப் போறேன்" என்றார்.

"அவளுக்குப் படிக்கத் தெரியாதே, பெரியப்பா?"

"லெட்டரைப் படிக்க மாட்டா. ஸ்டாம்ப்பைப் பார்ப்பா இல்ல?"

ஆகவே குட்டி வேட்டை. வீட்டில் ஆல்பத்தை விரித்தார். சின்ன வயதிலிருந்து சேர்த்தது. எந்தக் கவர் வந்தாலும் ஸ்டாம்ப் மூலையைக் கத்தரித்து, பெரியம்மாவின் பாயசக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, உரித்து, பேப்பரில் காயவைத்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

முதல் பக்கத்தில் 1962 வனவிலங்கு வாரத்துக்கு வந்த காண்டாமிருகம், 15 நயா பைசா. அடுத்து 1963 செட். காட்டெருமை பத்து, ஹிமாலயப் பாண்டா பதினைந்து, யானை முப்பது, புலி ஐம்பது, சிங்கம் ஒரு ரூபாய். காட்டிலும் கிரேடு பார்த்துத்தான் சம்பளம் போலிருக்கிறது. காட்டெருமைக்கு அட்டெண்டர் ஸ்கேல்! எல்லாமே பாஸ்போர்ட்டுக்கு போட்டோ பிடித்துக்கொண்ட மாதிரி விறைப்பாக நின்றன. 1976-ல் சதுப்பு நில மான், சிங்கம், சிறுத்தை, கேரகல் என்ற காட்டுப்பூனை. எல்லாரும் சீனியர் ஆபீசர்கள். குட்டி? ஊஹும்.

இந்தப் பக்கத்து எஸ்டேட்டுகளில் காட்டெருமை நிஜமாகவே நடமாடுகிறது, அதுவும் கன்றோடு. போய்க் கவர் மேல் நிற்கச் சொல்ல முடியாதே!

இருக்கிற குட்டிகள் எல்லாம் வெளிநாட்டுப் பக்கத்தில் இருந்தன. அஜ்மான், ஷார்ஜா, புஜைரா. 1971-ல் ஐக்கிய அரபு அமீரகமாகச் சேர்வதற்கு முன்னால், சேகரிப்பவர்களின் காசைக் கறக்கவே அந்தக் குட்டி நாடுகள் ஸ்டாம்ப் அடித்துத் தள்ளின. அந்த மணலில் கால் வைத்தே இராத மிருகங்கள், குடும்பம் குட்டியோடு. அச்சடிக்கும்போதே முத்திரையும் குத்திவிடுவார்கள். பின்பக்கம் கோந்து அப்படியே இருக்கும்! கல்யாணத்தன்றே விவாகரத்துப் பத்திரம் கொடுத்த மாதிரி.

"இதை ஒட்டினா லெட்டர் ஒண்டிக்கடையைத் தாண்டாது" என்றார் பெரியப்பா.

இன்னும் தேடியதில் ஒரு குட்டி யானை அகப்பட்டது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டு அப்பு. ஆனால் அது தீப்பெட்டி லேபிள்.

கடைசிப் பக்கம், 1994. நீர்ப்பறவைகள் செட். இதை வெளியிட்ட கையோடு நம் தபால் துறை வாபஸ் வாங்கியது. ஏன் தெரியுமோ? மசி தண்ணீரில் கரைந்துவிட்டதாம். நீர்ப்பறவைக்கு நீர் ஆகவில்லை! எல்லாவற்றையும் கிண்ணத்தில் ஊறப்போட்டே பழகிய மனுஷர் ஆடிப் போய்விட்டார். அதோடு ஆல்பத்தை மூடியவர்தான்.

நான் சென்னைக்குத் திரும்பி, லஞ்ச் டயத்தில் ஒரு பெரிய போஸ்ட் ஆபீசின் ஸ்டாம்ப் சேகரிப்போர் கவுன்ட்டரில் போய் நின்றேன்.

"மேடம், குட்டி போட்ட ஸ்டாம்ப் இருக்கா?"

அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்த பார்வையில், தமிழைத் திருத்திக்கொண்டேன். "குட்டி படம் போட்டது."

சிரித்துவிட்டார். கைவசம் இல்லை என்று சொல்லிவிட்டு, "எதுக்கு சார்?" என்று கேட்டார். சொன்னேன். ஃபேனிடம் பேசுகிற கதை உள்பட.

"குழந்தை போட்டோ இருக்கா?"

'மை ஸ்டாம்ப்' என்று ஒரு திட்டம், 2011-லிருந்து நடக்கிறது. நம் போட்டோவைக் கொடுத்தால் ஸ்டாம்ப்போடு சேர்த்து அச்சடித்துத் தருவார்கள். பன்னிரண்டு ஐந்து ரூபாய் ஸ்டாம்ப் கொண்ட ஷீட் முன்னூறு ரூபாய். அறுபது ரூபாய் தபாலுக்கு முன்னூறா என்று உள்ளே இருந்த கணக்கப்பிள்ளை முனகினான். அவனை அடக்கிவிட்டு, அண்ணாவுக்கு வாட்ஸ்அப் செய்தேன். போட்டோ வந்தது. பனிக்காலக் குல்லா. அதில் இரண்டு கரடிக் காது. முன்பல் இரண்டு இல்லை. ஈ என்று ஒரு சிரிப்பு.

சாட்சாத் கரடிக்குட்டி.

ஷீட்டைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியப்பா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எதுவும் பேசவில்லை. மூக்கை மட்டும் ஒரு தடவை உறிஞ்சிக்கொண்டார். வெளிநாட்டுத் தபாலுக்குச் சேர வேண்டிய தொகைக்காக, கவரின் தலைப்பில் வரிசையாகக் கரடிக்குட்டிகள். அட்ரஸ் எழுதத்தான் இடம் கொஞ்சம் இடித்தது.

போன மாசம் பதில் வந்தது. அமெரிக்கத் தபால் இலாகா 2025-ல் காட்டு மிருகக்குட்டிகள் என்றே ஒரு வரிசை வெளியிட்டிருக்கிறது. வெளிநாட்டுக்கு ஒன்று போதாதென்று மூன்று குட்டிகளை ஒட்டியிருந்தாள். உள்ளே கிரேயானில் ஒரு கரடி. கவரில் முகவரிக்கு மேலே, யாரோ எழுதிக் காட்டியதைப் பார்த்துக் கோணல்மாணலாக 'தாத்தா'. இரண்டாவது 'தா'வுக்குக் கால், எழுத்துக்கு இடது பக்கம் போயிருந்தது.

பெரியம்மா கேட்காமலேயே வெந்நீர் வைத்து, பாயசக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

"வேணாம். எடுத்துட்டுப் போ" என்றார் பெரியப்பா. "அமெரிக்காக்காரன் என்ன மசி போட்டிருக்கானோ!"

ஆல்பத்தில் நீர்ப்பறவைகளுக்கு அடுத்த பக்கத்தில் முழுக் கவரையும் வைத்தார். பெரிசாக இருந்ததால் ஆல்பம் மூடவில்லை. மேலே பழைய எஸ்டேட் லெட்ஜர் ஒன்றைத் தூக்கி வைத்திருக்கிறார்.