பாலீஷுக்குக் காசு இருக்கு, ஸ்ட்ரட்டுக்கு இல்லையா?

புது சீட் கவர், டச் ஸ்க்ரீன், கதவுக்கு குரோம் பட்டை, டேஷ்போர்டில் தலையாட்டும் பொம்மை... இதற்கெல்லாம் யோசிக்காமல் பர்ஸைத் திறக்கும் கார்காரர்கள், மெக்கானிக் "சார், முன்னாடி ரெண்டு ஸ்ட்ரட்டும் போச்சு" என்றால் மட்டும் அவரைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்பா. கொஞ்சம் குலுங்கினா என்ன இப்போ?"

ஸ்ட்ரட் என்பது சொகுசுக்கான பாகம் என்று நினைப்பதுதான் முதல் தப்பு. அது பிரேக்கின் கூட்டாளி. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண் அது. ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1940களில் வடிவமைத்தது. 1983-ல் வந்த முதல் மாருதி 800 தொடங்கி இன்றைய சின்ன கார்கள் வரை பெரும்பாலானவற்றில் முன் சக்கரத்தைத் தாங்குவது இந்த வகைதான்.

பள்ளத்தில் இறங்கினால் ஸ்பிரிங் அமுங்கும், பிறகு எழும்பும். தனியே விட்டால் பந்து மாதிரி குதித்துக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் ஆயில், சின்னச் சின்ன வால்வு ஓட்டைகள் வழியாகப் பிதுங்கிப் போய் அந்தத் துள்ளலை அடக்குகிறது. சீல் தேய்ந்து ஆயில் கசிந்தால் அடக்க ஆளில்லை. டயர் தரையை விட்டு விட்டுத் தொடும். அந்தரத்தில் இருக்கும் டயரை எவ்வளவு நல்ல பிரேக் பிடித்தாலும் என்ன பயன்? ஏ.பி.எஸ். இருக்கிற காரும் நிற்பதற்குக் கூடுதல் தூரம் எடுக்கும்.

"ஓட்டும்போது ஒண்ணும் தெரியலையே?" என்பார்கள். தெரியாதுதான்! ஒரே நாளில் போனால் தெரியும், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் உடம்பு பழகிவிடும். ஆனால் கார் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. பிரேக் போட்டால் மூக்கு குப்புற அமுங்குவது. வளைவில் ஒரு பக்கம் சாய்வது. ஸ்பீட் பிரேக்கர் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று தடவை ஆடுவது. முன்பக்கம் 'டொக் டொக்' சத்தம். டயரைக் கையால் தடவினால் ஆங்காங்கே மேடு பள்ளம். ஸ்ட்ரட் உடம்பில் ஆயில் வழிந்து தூசி அப்பியிருப்பது. பானெட்டை அமுக்கிப் பார்க்கும் பழைய சோதனையில் கார் பலமுறை ஆடினால் ஸ்ட்ரட் போச்சு என்று அர்த்தம். ஆடவில்லை என்பதற்காக நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

மாற்ற ஒத்துக்கொண்டவர்களும் அங்கேயே கஞ்சத்தனத்தைத் தொடங்குகிறார்கள். "கசியிற பக்கம் மட்டும் போடுங்க." ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் இரண்டு சக்கரமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழசில் ஆயில் ஊற்றி, கருப்பு பெயின்ட் அடித்து 'ரீகண்டிஷன்' என்று விற்பது இன்னொரு கூத்து. மேலே உள்ள மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் எல்லாம் தேய்ந்திருந்தால் அவற்றையும் அதே கையோடு மாற்ற வேண்டும். கடைசியில் வீல் அலைன்மென்ட் கட்டாயம். வீட்டு வாசலில் ஸ்பேனரோடு உட்காரும் வீரர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்பிரிங் கம்ப்ரசர் போட்டு அமுக்காமல் நடு நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் சீறிப் பாய்ந்து உயிரையே எடுக்கும்.

"ரோடு இப்படி இருந்தா எத்தனை தடவை மாத்துறது?" நியாயமான கோபம்தான். 1988-ல் இந்திய சாலைக் காங்கிரஸ் வெளியிட்ட விதிப்படி வட்ட முதுகு ஸ்பீட் பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். 25 கி.மீ. வேகத்தில் தாண்டுவதற்கான கணக்கு அது. தெருவில் இருப்பதோ இரவோடு இரவாக சிமென்ட் கொட்டிய குட்டிச்சுவர்! ஆனால் ரோடு மோசம் என்பது ஸ்ட்ரட்டை அடிக்கடி பார்ப்பதற்கான காரணமே தவிர, பார்க்காமல் இருப்பதற்கான காரணம் அல்ல.

அரசாங்கமும் சளைத்ததில்லை. புகைச் சான்றிதழ் இல்லையென்றால் அபராதம். சொந்த உபயோக காருக்கோ பதிவு முடியும் 15 வருடம் வரை பொதுவாக ஃபிட்னெஸ் சோதனையே கிடையாது. இங்கிலாந்தில் 3 வருடம் ஆன கார் வருடா வருடம் எம்.ஓ.டி. சோதனைக்குப் போக வேண்டும். ஷாக் அப்சார்பரில் ஆயில் பலமாகக் கசிந்தால் ஃபெயில். புகைக்கு இருக்கும் அக்கறையில் பாதியாவது இதற்கு வேண்டாமா?

பி.காம். முதல் வருடப் பாடம்தான் இது. தேய்மானத்தைக் கணக்கில் எழுதாமல் விட்டால் லாபம் கூடிவிடாது, கணக்குதான் பொய்யாகும். ஸ்ட்ரட் மாற்றாமல் 'மிச்சம் பிடித்த' பணமும் அப்படித்தான். அதன் ஒரு பங்கை டயர் தின்றுவிடுகிறது. சாதாரண கார் இன்ஷூரன்ஸ் தேய்மானத்துக்குப் பணம் தராது. மீதிக் கடனுக்கு ஜாமீன் நிற்பவர் யார் தெரியுமா? மழை நாளில் சாலையைக் கடக்கும் யாரோ ஒருவர். அந்தக் காரில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை, மிச்சம் பிடித்த பணத்தில் அவருக்கு ஒரு காபிகூட வாங்கித் தந்ததில்லை. கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனால் அவருக்கு நஷ்டஈடு கிடைக்கலாம். போன கால் கிடைக்காது.

குரோம் பட்டையை அடுத்த மாதம் ஒட்டிக்கொள்ளலாம். மெக்கானிக் சொன்னதை இந்த மாதமே இன்னொரு கடையிலாவது காட்டிப் பார்த்துவிட்டு, போயிருந்தால் மாற்றிவிடுங்கள் சாமிகளா!