மோசடி என்று யார் சொல்வது? யார் நிரூபிப்பது?

ஒரு மில் தொழிலாளி இறந்துவிடுகிறார். கூலியில் மிச்சம் பிடித்துப் பிரீமியம் கட்டியவர். பாலிஸிப் பணம் கேட்டு மனைவி மனுப் போடுகிறார். "உமது கணவர் தம் நோயை மறைத்துவிட்டார், பணம் கிடையாது" என்று கம்பெனியிலிருந்து பதில் வருகிறது.

நடந்தது தவறான கூற்றா, மோசடியா? இந்தக் கேள்வி வக்கீல்களின் வார்த்தை விளையாட்டல்ல. அந்தக் குடும்பத்தின் சோற்றுப் பிரச்னை!

உண்மையென்று நம்பி ஒருவர் தவறான விவரம் தந்தால், அது தவறான கூற்று. ஏமாற்றும் எண்ணத்துடன் பொய் சொன்னால், அல்லது தெரிந்ததை மறைத்தால், அது மோசடி. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் முதல் இந்த வேற்றுமை இருந்து வருகிறது. 2015-இல் திருத்தப்பட்ட இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவும் இதையே பின்பற்றியது. மோசடியில்லாத தவறான கூற்றைக் காட்டிப் பாலிஸியை மறுத்தால், கட்டிய பிரீமியத்தை 90 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். மோசடி என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே கம்பெனிக்கு எந்தச் சொல் இனிக்கும் என்று கூறவும் வேண்டுமா?

பண முதலைகள் விஷயத்தில் சட்டம் எப்படி நடந்தது? பிரிட்டனில் பிளிமத் டிராம் கம்பெனி, நீராவி வண்டி ஓட்டத் தனக்கு உரிமை உண்டு என்று விளம்பரம் செய்து ஷேர் விற்றது. அதற்குச் சர்க்கார் இலாகாவின் சம்மதம் தேவை, அது கிடைக்கவில்லை. கம்பெனி கவிழ்ந்தது. வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. "டைரக்டர்கள் மனமார நம்பியே சொன்னார்கள், மோசடி இல்லை" என்று 1889-இல் தீர்ப்பு! மோசடியை நிரூபிக்கும் பொறுப்பு, பணத்தைப் பறிகொடுத்தவர் தலையில்!

தொழிலாளியின் மனைவிக்கோ இந்த நியாயம் தலைகீழாகிறது. பாலிஸிதாரர் உயிரோடு இல்லையென்றால், மோசடி நடக்கவில்லை என்று காட்டும் பொறுப்பை 2015 திருத்தம் வாரிசுகள் மீதே சுமத்தியது. இறந்தவர் மனதில் என்ன இருந்தது என்பதை அவர் எப்படி நிரூபிப்பார்? டைரக்டரிடம் கணக்குப் புத்தகமும் வக்கீலும் உண்டு. இவரிடம் இருப்பது மரணச் சான்றிதழ் ஒன்றுதானே!

ஆயினும் கையிலுள்ள ஆயுதங்களை நழுவ விடக் கூடாது. பாலிஸி பிடித்துத் தரும் ஏஜண்டு கம்பெனியின் ஆள் என்று அதே பிரிவு கூறுகிறது. ஏஜண்டிடம் சொன்ன நோயைக் கம்பெனியிடமே சொன்னதாக வாதாடலாம். பாலிஸி வழங்கிய நாள், பொறுப்புத் தொடங்கிய நாள், புதுப்பித்த நாள் ஆகியவற்றில் பிந்தியதிலிருந்து 3 ஆண்டு கடந்துவிட்டால், எந்தக் காரணம் காட்டியும் பாலிஸியைக் கேள்வி கேட்க முடியாது.

எனவே தோழர்களே, ஏஜண்டு எழுதிய படிவத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திடுங்கள். நகல் வாங்கி வீட்டில் வையுங்கள். மோசடி என்று குற்றம் சாட்டுகிற கம்பெனியே அதை நிரூபிக்கட்டும் என்று சங்கங்கள் குரலெழுப்ப வேண்டும். இறந்தவரைக் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது!