கல்லைப் பெயர்க்கலாம், கணினியை?

நாவுல நகரிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் வழியில் நாலந்தா கெடிகே என்னும் பழைய கற்கோயில் உண்டு. போவத்தென்ன நீர்த்தேக்கத்துள் மூழ்கவிருந்த அதனைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டிலே மீண்டும் கட்டினர். சென்ற விடுமுறையில் எம் மாணவர் சிலருடன் அங்கே சென்றிருந்தோம்.

"சேர், கோயிலையே பெயர்த்து வைத்திருக்கிறார்கள். பழைய பெருங்கணினி ஒன்றை மலிவாக வாங்கி எங்கள் பாடசாலையில் வைக்க முடியாதா?" என்று ஒருவன் வினவினான். ஏனையோர் நகைத்தனர். நமக்கு நகைப்பு வரவில்லை.

பெருங்கணினி என்பது யாது? பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் தாமே ஆக்கி 1960இல் இயக்கிய கணினிக்கு, 1962இல் நேரு அவர்கள் 'டிஃப்ராக்' எனப் பெயர் சூட்டினார். அதிலே 2,700 வெற்றிடக் குழாய்களும் 12,500 தடையிகளும் இருந்தன. நினைவகத்தில் அடங்கியவையோ 2,048 சொற்களே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்திற்கே அதைவிடப் பன்மடங்கு இடம் வேண்டும்.

இத்தகைய இயந்திரத்தை வாங்குவது எளிது, வைத்திருப்பதே அரிது. வாயில் அகலமாயிருத்தல் வேண்டும். தளம் பாரந்தாங்க வேண்டும். குழாய்கள் உமிழும் வெப்பத்தை அகற்றக் குளிரூட்டி வேண்டும். அமெரிக்க இயந்திரமாயின் அது 60 சுற்று மின்னோட்டத்திற்கு அமைந்தது. நம் நாட்டு மின்னோட்டமோ 50 சுற்று. நெடுநாள் உறங்கிய இயந்திரத்திற்கு முழு மின்னழுத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால் உள்ளிருக்கும் பழைய கொள்ளளவிகள் வெடிக்கவுங்கூடும். பலநாட் பட்டினி கிடந்தவனுக்குக் கஞ்சி வார்ப்பதுபோல், சிறிது சிறிதாகவே ஏற்றுதல் வேண்டும்.

இவையனைத்தையும் வென்றவர்களும் உளர். இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் 1951இல் இயங்கத் தொடங்கிய, இரண்டரைத் தொன் எடையுள்ள கணினியொன்று, 1973 வரை உழைத்தபின் ஓய்ந்து கிடந்தது. பிளெட்ச்லி பார்க்கில் தொண்டர்கள் சிலர் மூன்றாண்டுகள் பாடுபட்டு, 2012 நவம்பரில் அதனை மீண்டும் இயக்கினர். அதனை வடிவமைத்தவர்களுள் இருவர் முதுமையிலும் வந்திருந்து அக்காட்சியைக் கண்டனர். அவ்வியந்திரம் பிழைத்தது இரும்பின் வலிமையாலன்று. அதனை அறிந்தவர்களும் அறிய விரும்பியவர்களும் இருந்தமையாலே.

இவ்விடத்தில் நம் குற்றமொன்றைச் சொல்லியாக வேண்டும். ஆசிரியப் பணியேற்ற புதிதில், பாடசாலைக் களஞ்சியத்தைத் துப்புரவாக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. பழைய கணினிகளை ஒரு மூலையில் அடுக்கிவிட்டு, அவற்றின் கையேடுகளைப் பழைய தாளோடு நிறுத்து விற்றோம். பின்னர் ஒரு மாணவி அவற்றுள் ஒன்றைத் திருத்த முயன்றபோது, எந்தக் கம்பி எதற்கென்று சொல்ல ஒருவருமில்லை. சில நூறு ரூபாவுக்காக நாம் விற்றது தாளையன்று என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

கல் பேசாமலே நிற்கும். இயந்திரத்திற்கோ அதை அறிந்த மனிதர் வேண்டும். இதனைத்தான் கெடிகேயின் நிழலிலிருந்து அம்மாணவனுக்கு எடுத்துரைத்தோம்.

அடுத்த திங்கட்கிழமை அவன் புதிய அப்பியாசக் கொப்பியொன்றுடன் வந்தான். எம் அலுவலகத்தில் துருவேறிக் கிடக்கும் ரோனியோ இயந்திரத்தை முன்னர் இயக்கிய சிற்றூழியர் ஓய்வுபெற்று இவ்வூரிலேயே இருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல முதல் நான்கு பக்கங்களை எழுதியிருந்தான், படமும் வரைந்திருந்தான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஓர் இயந்திரம் உறங்கக்கூடும். அதை இயக்கியவர் பக்கத்து அறையில் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.