செல்வியும் சிவரமணியும் படித்த வளாகம்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு பெயர்கள் நினைவுக்கு வரும். ஒருவர் இங்கே பிறந்த ராமானுஜர். இன்னொருவர் 1991 மே 21 இரவு இங்கே குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட ராஜீவ் காந்தி. அந்த இரவுக்கு இரண்டு நாள் முன்பு, மே 19 அன்று, யாழ்ப்பாணத்தில் சிவரமணி என்ற இளம் கவிஞர் தன்னிடம் இருந்த கவிதைகளை எல்லாம் எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவரைப் பற்றி எங்கள் ஊருக்கு ஒரு வரிகூட வந்து சேரவில்லை. ஈழம் என்றாலே எங்களுக்கு அந்தக் குண்டுதான் என்று ஆகிவிட்டது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று செல்வியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். செல்வநிதி தியாகராஜா, அதே பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்த மாணவி. கவிதை எழுதினார், ‘தோழி’ என்ற பெண்கள் இதழை நடத்தினார், பாதிக்கப்பட்ட பெண்களுக்காக வேலை செய்தார். ஸ்ரீபெரும்புதூரில் குண்டை வெடிக்கவைத்த அதே விடுதலைப் புலிகள் இயக்கம்தான் மூன்று மாதம் கழித்து அவரையும் கொண்டுபோனது. 1992-இல் ‘பென்’ என்ற பன்னாட்டு எழுத்தாளர் அமைப்பு அவருக்கு விருது கொடுத்தபோது வாங்குவதற்கு அவர் இல்லை. பிறகும் வரவில்லை.

இந்த ஊரில் தமிழ் கற்பிக்கிற எனக்கு இந்த இரண்டு பெண்களும் முக்கியம். எங்கள் ஊரின் பெயரோடு சேர்த்து இவர்கள் பெயரும் சொல்லப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்கள் படித்த வளாகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி என்றொரு ஊர் இருக்கிறது. 1974-இல் அங்கே தொடங்கிய பல்கலைக்கழக வளாகத்துக்கு முதல் தலைவர் க. கைலாசபதி, இலக்கிய விமர்சகர். அங்கே தமிழ் கற்பித்த கா. சிவத்தம்பியையும் எம்.ஏ. நுஃமானையும் தமிழ்நாட்டுத் தமிழ்த்துறைகளும் பாடமாகப் படித்தன. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது, சுமார் 97,000 நூல்கள் போயின. அதைப் பற்றி நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ என்ற கவிதையை எழுதினார். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு பையன்கள் வகுப்பிலிருந்து ஆயுத இயக்கங்களுக்குப் போனார்கள். ஊரடங்கு, சுற்றிவளைப்பு, ஷெல். அப்போது அந்த வளாகத்தின் கலைப்பீடம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை.

1985-இல் ‘மண் சுமந்த மேனியர்’ நாடகம் மேடையேறியது. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுத, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்த, பல்கலைக்கழக மாணவர்கள் நடித்தார்கள். நாடகம் வளாகத்துக்குள் அடங்கவில்லை, ஊர் ஊராகப் போனது. பெரிய செட் கிடையாது. பாட்டு, உரைஞர்களின் குரல், நடிகர்களின் உடல் ஆகியவற்றைக் கொண்டே நடத்தினார்கள். பார்த்தவர்கள் அழுதார்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் வாய்விட்டுச் சொல்ல இடமில்லாத நாட்கள் அவை. கூட்டமாக உட்கார்ந்து அழ ஓர் இடத்தை அந்த மாணவர்கள் உண்டாக்கிக் கொடுத்தார்கள். நாடகத்தால் ஒரு சமூகத்துக்கு இதைவிடப் பெரிய உதவி செய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அதே 1985-இல் ‘மரணத்துள் வாழ்வோம்’ கவிதைத் தொகுப்பு வந்தது. அடுத்த ஆண்டு பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ என்று பத்துப் பெண்களின் கவிதைகளைத் தொகுத்தது. வெளியே இருந்த ராணுவத்தைப் பற்றி மட்டுமல்லாமல் தங்கள் வீட்டுக்குள்ளும் தங்கள் சமூகத்துக்குள்ளும் இருந்த அடக்குமுறையைப் பற்றியும் அந்தப் பெண்கள் எழுதினார்கள். இயக்கங்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை. எதிரியைத் திட்டும் கவிதைக்கு எந்த ஆட்சியிலும் மேடை கிடைத்துவிடும். நம்மை நாமே கேள்வி கேட்கிற கவிதைக்குத்தான் வளாகம் தேவைப்படுகிறது.

1987 அக்டோபரில் ஓர் இரவு இந்திய அமைதிப்படை வீரர்கள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கியது அந்தப் பல்கலைக்கழக மைதானத்தில்தான். அந்த இரவில் அங்கே இறந்தவர்களில் நம் நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. அதன் பிறகு நடந்தவற்றை ராஜினி திராணகம மூன்று சக ஆசிரியர்களோடு சேர்ந்து ‘முறிந்த பனை’யில் எழுதினார். இந்திய ராணுவம், இலங்கை ராணுவம், புலிகள், மற்ற இயக்கங்கள் என்று யாரையும் விடவில்லை. அவர் உடற்கூற்றியல் துறைத் தலைவர். மருத்துவர் ஒருவர் தன் ஊரின் வரலாற்றை உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. 1989 செப்டம்பர் 21 அன்று, பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்குச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35.

“நிலைமை சரியாகட்டும் மேடம், அப்புறம் கவிதை எல்லாம் பார்த்துக்கலாம்.” எங்கள் பக்கத்தில் இதை நான் அடிக்கடி கேட்கிறேன். பெற்றோர் சொல்கிறார்கள், கல்லூரி நிர்வாகங்களும் சொல்கின்றன. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியெல்லாம் கார் கம்பெனி, கண்ணாடி கம்பெனி, செல்போன் கம்பெனி, இடையிடையே பொறியியல் கல்லூரிப் பலகைகள். கலைக் கல்லூரிகளிலும் பி.காம்., பி.சி.ஏ. சேர்ந்த பிறகு மிச்சம் இருப்பவர்களுக்குத்தான் தமிழும் வரலாறும். இங்கே குண்டு விழவில்லை, யாழ்ப்பாணத்தோடு ஒப்பிடவே கூடாது. ஆனால் இங்கேயும் கஷ்ட காலங்கள் வந்துபோயின. 2014-இல் நோக்கியா மூடியபோது ஆயிரக்கணக்கானவர்களின் வேலை போனது. 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாட்டால் தோழிகள் ஆஸ்பத்திரியில் கிடக்க, ஃபாக்ஸ்கான் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024-இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இவற்றைப் பற்றி இந்தச் சாலையிலுள்ள எத்தனை கல்லூரிகளில் ஒரு நாடகம் போட்டிருப்பார்கள்? நான் ஒன்றுகூடப் பார்க்கவில்லை.

கலைப் படிப்பு படித்தவர்கள் இங்கே இல்லாமலும் இல்லை. கம்பெனி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், அரியலூர்ப் பக்கத்து அரசு கல்லூரிகளில் பி.ஏ. தமிழும் வரலாறும் முடித்த பெண்கள் கழுத்தில் டேகோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் சிலர் வார விடுமுறையில் என் வீட்டுக்கு வருவார்கள். போன மாதம் சிவரமணியை வாசித்தோம். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்த பெண் ஒருத்தி, முழங்கால் வீக்கத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, ஒரு கவிதையை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். கேட்டு முடித்ததும், “இவங்க எங்க வயசுதானே மேடம்? இவங்களை எங்களுக்கு ஏன் பாடத்துல வைக்கல?” என்றாள். பக்கத்திலிருந்தவள் சொன்னாள்: “லைன்ல நிக்கிறப்ப எனக்கும் இப்படி வரிவரியா வரும் அக்கா, எழுதி வைக்கத்தான் பேப்பர் இருக்காது.” கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. அவளுக்கு ஒரு நோட்டு கொடுத்தேன்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்தது. நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். அந்தப் படுக்கைகளில் தூங்குகிறவர்களில் எத்தனையோ செல்விகள் இருக்கக்கூடும். அவர்கள் படித்த படிப்பை மூன்றே ஆண்டில் முடிந்துபோன ஒன்றாக விட்டுவிடக் கூடாது. நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. இந்தச் சாலையிலுள்ள கல்லூரிகள் ஞாயிற்றுக்கிழமையில் தங்கள் கூடத்தை இந்தப் பெண்களுக்குத் திறந்துவிட வேண்டும். தமிழ்த்துறை ஆசிரியர்கள் இருவர் வந்து அமர வேண்டும். வாசிக்கவும், எழுதவும், விருப்பப்பட்டால் நாடகம் போடவும் விட வேண்டும். என்ன எழுதுகிறார்கள் என்று முன்கூட்டிப் பார்க்கக் கேட்கக் கூடாது. ஒரு முதல்வரிடம் பேசினேன், “வெளியாட்களை விட முடியாது” என்றார். இன்னொருவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

எந்த ஷிப்டாக இருந்தாலும் ஞாயிறு மாலை 4 மணி என்றால் எல்லாரும் வர முடியும் என்று பெண்களே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். முதலில் ‘மண் சுமந்த மேனியர்’ படிக்கப் போகிறோம். இடம் தருகிறவர்கள் சொல்லுங்கள்.