நோயேடு யாருடைய சொத்து?

ஆஸ்பத்திரி ஏடுகள் காகிதத்தை விட்டுக் கணிப்பொறிக்குள் குடிபுகுந்து வருகின்றன. 2020 ஆகஸ்ட் 15-இல் புதுச்சேரி உள்ளிட்ட ஆறு ஒன்றிய ஆட்சிப் பகுதிகளில் சோதனையாகத் தொடங்கி, 2021 செப்டம்பர் 27-இல் நாடு முழுமைக்கும் என அறிவிக்கப்பட்ட திட்டம், ஆளுக்கொரு 14 இலக்க எண்ணைத் தருகிறது. 'ஆபா' எண் என்பது அதன் பெயர். எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் சென்றாலும், நோயாளி ஒப்பினால், அவனுடைய பழைய எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு யாவும் திரையிலே வந்து நிற்கவேண்டும் என்பது திட்டத்தின் நோக்கம்.

இது நல்லதா, கெட்டதா என்று தோழர்கள் கேட்கிறார்கள். எந்திரம் வந்தவுடனே ஐயோ என்று அலறுவது நம் வழக்கமல்ல. எந்திரம் யார் கையில் இருக்கிறது, யாருக்காக ஓடுகிறது என்று கேட்பதே நம் வழக்கம். அந்தக் கேள்வியைத்தான் இன்றும் கேட்கிறோம்.

பணம் படைத்தவனுக்குக் குடும்ப டாக்டர் உண்டு. அவனுடைய பாட்டன் காலத்து நோய்கூட அந்த டாக்டருக்குத் தெரியும். பாட்டாளிக்கு என்ன உண்டு? ஒரு மஞ்சள் பை! கிழிந்த ஓ.பி. சீட்டு, மடங்கிப்போன எக்ஸ்ரே, எழுத்து அழிந்த மருந்துச் சீட்டு. இவ்வளவுதான் அவனுடைய மருத்துவ வரலாறு. கட்டட வேலைக்காக ஊர் விட்டு ஊர் போகும்போது அந்தப் பையும் தொலைகிறது. புதிய டாக்டர் முதலிலிருந்து தொடங்குகிறார். மீண்டும் இரத்தம், மீண்டும் எக்ஸ்ரே, மீண்டும் ஒருநாள் கூலி போகிறது. இந்த அலைச்சலை ஒரு திரை ஒழிக்குமானால் அதை வரவேற்பதில் நமக்குத் தயக்கமில்லை.

அதைவிடப் பெரிய நன்மையும் உண்டு. கல் உடைப்பவனின் நுரையீரலில் தூசு படிந்து உண்டாகும் சிலிகோசிஸ் நோயை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. ஆனால் நடப்பதென்ன? இருமி இருமி வருகிறவனுக்குக் காசநோய் என்று சீட்டு எழுதப்படுவது நாடெங்கும் பழகிப்போன தவறு. நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் அவன் பல குவாரிகள் மாறியிருப்பான். நியமனக் கடிதம் எவனும் தந்திருக்கமாட்டான். நட்டஈடு கேட்டால் 'ஆதாரம் எங்கே?' என்பார்கள்.

ஆதாரம் நோயேட்டில் இருக்கவேண்டும். 1700-இல் தொழில் நோய்களைப்பற்றி நூல் வெளியிட்ட இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, நோயாளியிடம் அவன் தொழில் என்னவென்று கேளுங்கள் என்று மருத்துவர்களுக்கு அறிவுரை கூறினார். முந்நூறு ஆண்டுகளுக்குமேல் ஆகியும் நம் ஓ.பி. சீட்டில் பெயர் உண்டு, வயது உண்டு; தொழில் உண்டா? கணிப்பொறி ஏட்டிலாவது என்ன தொழில், எந்த இடம், எத்தனை ஆண்டு என்பவை ஏறட்டும். அப்போது அந்த ஏடு பாட்டாளியின் கையில் வழக்காடும் ஆயுதமாகும்.

ஆனால் அதே ஏடு முதலாளியின் கண்ணில் பட்டால்? இருதயக் கோளாறு உள்ளவன், சர்க்கரை நோய் கண்டவன், இடுப்பு தேய்ந்தவன் என்று பொறுக்கி எடுத்துக் கழித்துவிடலாமே! உழைத்துத் தேய்ந்தவனை, தேய்ந்த குற்றத்துக்காகவே வீட்டுக்கு அனுப்பும் பட்டியலாக அந்த ஏடு மாறாது என்பதற்கு என்ன உறுதி?

இந்த அச்சம் நம் கற்பனையல்ல. 2018-இல் ஒன்றிய சுகாதார அமைச்சகமே வெளியிட்ட ஒரு சட்ட வரைவு, மருத்துவத் தகவல் நோயாளிக்கே சொந்தம் என்றது. முதலாளிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மருந்துக் கம்பெனிக்கும் அதைத் தரக்கூடாது என்று தெளிவாகத் தடுத்தது. அந்த வரைவு சட்டமாகவே இல்லை! அதன்பின் 2023-இல் நிறைவேறிய தகவல் பாதுகாப்புச் சட்டமோ, மருத்துவத் தகவலுக்கென்று தனிக் காவல் எதையும் வைக்கவில்லை. போதாக்குறைக்கு அதன் 7-ஆவது பிரிவு, வேலை தொடர்பான காரியங்களுக்காகவும், முதலாளியை நட்டத்திலிருந்து காப்பதற்காகவும், ஒப்புதல் பெறாமலே தகவலைப் பயன்படுத்த இடம் தருகிறது. வேலியையே காணோம்; வாசலோ திறந்து கிடக்கிறது!

'நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் ஏடு திறக்காது' என்கிறார்கள் ஆளவந்தார்கள். வேலை கேட்டு மில் வாசலில் நிற்பவனிடம் 'இஷ்டமிருந்தால் காட்டு' என்றால், அவனுக்கு இஷ்டம் ஏது? அடுப்பு எரியவேண்டுமென்றால் காட்டித்தானே தீரவேண்டும்! 2021-இல் கொரோனா தடுப்பூசிக்கு ஆதார் கொடுத்த பலருக்கு, அவர்கள் அறியாமலே சுகாதார எண் உண்டாகியிருந்தது என்று செய்தி ஏடுகள் எழுதின. கேளாமலே வந்த எண்ணை ஒப்புதல் என்று எப்படி நம்புவது?

காகிதத்தை அடியோடு கைவிடுவதும் அறிவுடைமையாகாது. 2022 நவம்பர் 23-இல் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கணிப்பொறிகளைக் களவாணிக் கூட்டம் முடக்கியது. அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் கையால் சீட்டு எழுதித்தான் வைத்தியம் நடந்தது. வேலைப் பளுவையும் மறக்கலாகாது. மருத்துவர் நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணிக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணிப்பொறிக்கும் மேசை வேலைக்கும் போகிறது என்று 2016-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. அங்கேயே அப்படியென்றால், வரிசை வாசல் தாண்டி நிற்கும் நம் ஆஸ்பத்திரிகளில், தனி ஆள் போடாமல் நர்சின் தலையில் இதையும் கட்டினால், திரையைப் பார்ப்பாரா, நோயாளியைப் பார்ப்பாரா?

நாம் கேட்பவை வானத்து நிலாவல்ல. 2018 வரைவின் தடை சட்டமாகட்டும்: முதலாளியும் இன்சூரன்ஸ் கம்பெனியும் தொழிலாளியின் ஏட்டைத் தொடக்கூடாது. எஸ்டோனியா என்னும் சின்னஞ்சிறு நாட்டில், தன் ஏட்டை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்பதை நோயாளியே பார்க்கலாம். அந்த உரிமை இங்கும், தமிழிலே, வேண்டும். எண் இல்லை என்பதற்காக எவருக்கும் வைத்தியம் மறுக்கப்படக்கூடாது. தொழில் ஏட்டில் ஏறவேண்டும். நகல் காகிதமாகவும் நோயாளியின் கைக்கு வரவேண்டும். பதிவு வேலைக்குத் தனி ஊழியர் வேண்டும்.

சட்டம் வரும்வரை தோழர்கள் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுமுன் எதற்கென்று கேளுங்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் நகல் கேட்டு வாங்குங்கள். 'என் தொழில் இன்னது, எழுதுங்கள்' என்று டாக்டரிடம் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு இவற்றை எடுத்துச் சொல்வதைச் சங்கக் கிளைகள் தம் வேலையாகக் கொள்ளட்டும்.

உழைத்தவன் உடம்பின் வரலாறு உழைத்தவனுக்கே சொந்தம். அதைக் காகிதத்தில் எழுதினாலும் சரி, கணிப்பொறியில் எழுதினாலும் சரி, பூட்டுக்குச் சாவி அவன் கையில் இருக்கவேண்டும்!