பெயர் எழுதாத படம் பேசுமா?



அம்மாவிடம் கேட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் செல்போனைக் கொஞ்சம் கையில் எடுங்கள். அதில் எத்தனை போட்டோக்கள் இருக்கின்றன? ஆயிரமா, ஐயாயிரமா? சரி, அவற்றில் எத்தனை படங்களைப் போன மாதத்தில் திரும்பவும் எடுத்துப் பார்த்தீர்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம், இல்லையா?

இப்போது பரண் மேலோ, பீரோவின் அடித்தட்டிலோ இருக்கும் பழைய ஆல்பத்தை எடுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார் ஒரு தாத்தா. பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பாட்டி. பின்னால் அரைக்கால் சட்டை போட்ட ஒரு பையன். யார் இவர்கள்? அப்பாவைக் கேட்டால், "தெரியலையே, பாட்டியைக் கேள்" என்பார். பாட்டியோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, யார், எந்த ஊர், யாருடைய கல்யாணத்துக்குப் போனபோது எடுத்தது என்று கடகடவென்று சொல்லிவிடுவார்!

பாட்டிக்குத் தெரிந்தது அப்பாவுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும்? நாளைக்குப் படம் இருக்கும். ஆனால் அதில் இருப்பவர்கள் யாரோ ஆகிவிடுவார்கள். அதற்குள் நாம் ஒரு வேலை செய்தாக வேண்டும். அது என்ன தெரியுமா? நாமே ஒரு போட்டோ புத்தகம் தயாரிப்பது. படங்களைத் தேர்ந்தெடுத்து, கீழே பெயரும் செய்தியும் எழுதி, அச்சடித்து, தைத்து வைப்பது.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. 1843-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஆன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி, கடற்பாசிகளைப் பற்றி இப்படி ஒரு புத்தகம் தயாரிக்கத் தொடங்கினார். ரசாயனம் தடவிய தாளின் மேல் பாசியை வைத்து வெயிலில் காட்டினால், தாள் நீலமாகும். பாசி இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். ஒவ்வொரு பாசிக்கும் அதன் பெயரையும் சேர்த்துப் பதித்தார். புகைப்பட முறையில் படம் போட்ட முதல் புத்தகம் இதுதான் என்கிறார்கள்.

நம் ஊர்க் கதை இன்னும் சுவையானது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, 1857-58-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தார். பெரிய கேமராவையும் ரசாயனங்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று ஊர் ஊராகப் போனார். அவர் எடுத்த படங்கள் 1858-ல் ஊர்வாரியாகப் புத்தகங்களாக வந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் சுற்றிலும் கல்வெட்டுகள் இருக்கின்றன அல்லவா? அவற்றை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார்!

அந்தப் படங்களில் இருப்பது எந்த ஊர், எந்தக் கோபுரம் என்று இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. எப்படி? அன்றைக்கே எழுதி வைத்தார்களே, அதனால்தான்.

"எல்லாமே போனில் பத்திரமாக இருக்கிறதே, அச்சடிப்பானேன்?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். போன் தண்ணீரில் விழுந்தால்? தொலைந்துபோனால்? பாஸ்வேர்டு மறந்துபோனால்? வேறு எங்கும் சேமித்து வைக்காத படங்கள் ஒரே நொடியில் போய்விடும்.

அச்சடித்த படத்துக்கும் ஆபத்து உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை மிதந்தது. வெள்ளத்தில் ரேஷன் கார்டு போனால் வேறு வாங்கலாம். மார்க் ஷீட் போனாலும் நகல் கிடைக்கும். தாத்தா பாட்டியின் கல்யாணப் படத்துக்கு நகல் தர எந்த ஆபீசும் இல்லையே!

2011 மார்ச் 11 அன்று ஜப்பானைச் சுனாமி தாக்கியது. சேற்றில் புதைந்து கிடந்த போட்டோக்களைக் கண்டெடுத்து, தொண்டர்கள் ஒவ்வொன்றாகக் கழுவி, உலர்த்தி, உரியவர்கள் வந்து தேடி எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்கள். ஒன்றா இரண்டா, லட்சக்கணக்கான படங்கள்! வீடு வாசல் இழந்தவர்களும் வந்து, தங்கள் குழந்தையின் படம் கிடைக்குமா என்று தேடினார்கள். ஒரு படத்துக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது பாருங்கள்.

அதனால் வழி இதுதான்: போனிலும் இருக்கட்டும், புத்தகமாகவும் இருக்கட்டும். புத்தகத்தில் இரண்டு பிரதி போட்டு, ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றொன்றை வேறு ஊரில் இருக்கும் அத்தை வீட்டிலோ, மாமா வீட்டிலோ வைத்துவிடுங்கள்.

சரி, எப்படித் தயாரிப்பது? சென்னைக்குத் தெற்கே கோவிலம்பாக்கத்தில் இருக்கும் ஒரு குட்டி இந்த வேலையைத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் தலைப்பு. கிடைத்த படத்தையெல்லாம் அள்ளிப் போட்டால் அது மூட்டை, புத்தகம் ஆகாது. "எங்கள் பாட்டி", "எங்கள் தெரு", "எங்கள் ஊர் அன்றும் இன்றும்" என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோவிலம்பாக்கத்துக் குட்டிக்கு மூன்றாவது தலைப்பு நன்றாகப் பொருந்தும். மேடவாக்கம் மெயின் ரோட்டில், மாதவரம் - சோழிங்கநல்லூர் மெட்ரோ ரயில் பாதைக்கான வேலையால் ரோட்டின் தோற்றமே மாறிவிட்டது. அந்தப் பாதையில் கோவிலம்பாக்கமும் ஒரு நிலையம். பக்கத்தில் நாராயணபுரம் ஏரி இருக்கிறது. கொம்பன் ஆந்தை வாழும் நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் கிட்டத்தில்தான். இந்த இடமெல்லாம் முன்பு எப்படி இருந்தது என்று அந்தத் தெருவில் வெகுகாலமாக வசிக்கும் பெரியவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் வீட்டு ஆல்பத்தில் பழைய படம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது, படம் தேர்ந்தெடுப்பது. பதினாறு பக்கம் போதும். பக்கத்துக்கு ஒன்று அல்லது இரண்டு படம். ஒரே மாதிரி பத்துப் படம் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். மனசு கேட்காது! ஆனாலும் விடத்தான் வேண்டும். எல்லோரும் அழகாகச் சிரிக்கும் படத்தைவிட, பாட்டி அம்மியில் அரைக்கும் படத்துக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கும்.

மூன்றாவதுதான் முக்கியமான வேலை: கேட்டு எழுதுவது. ஒவ்வொரு படத்துக்கும் நான்கு கேள்விகள். யார்? எங்கே? எப்போது? அன்றைக்கு என்ன நடந்தது? முதல் மூன்றுக்கும் ஒரு வரியில் பதில் வந்துவிடும். நான்காவது கேள்விக்குத்தான் கதை வரும். பெரியவர்கள் சொல்வதை அவர்கள் பேசும் வார்த்தையிலேயே எழுதுங்கள். ஆண்டு சரியாக நினைவில்லை என்றால், "அப்பா மூன்றாம் வகுப்பு படித்தபோது" என்று எழுதினாலும் போதும். தாங்களாகக் கற்பனை செய்து எதையும் எழுதிவிடக் கூடாது!

நான்காவது, மாதிரிப் புத்தகம். அச்சகங்களில் இதை "டம்மி" என்பார்கள். நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் பதினாறு பக்கம் வந்துவிடும். எந்தப் பக்கத்தில் எந்தப் படம், என்ன எழுத்து என்று பென்சிலால் குறியுங்கள். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் எப்போதும் நான்கு நான்காகத்தான் கூடும். அதனால் 18 பக்கம் என்று திட்டமிட்டால் இரண்டு பக்கம் காலியாகிவிடும். முகங்கள் மடிப்பில் போய் மாட்டாமலும், ஓரத்தில் வெட்டுப்படாமலும் இடம் விடுங்கள்.

ஐந்தாவது, அச்சு. படம் தெளிவாக வர ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். அப்படியென்றால் 6 அங்குல நீளம், 4 அங்குல அகலமுள்ள படத்துக்கு 1800-க்கு 1200 புள்ளிகள். கணக்கு சரிதானா, பெருக்கிப் பாருங்கள்! வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் அளவு சுருங்கிவிடும். "டாக்குமெண்ட்" ஆக அனுப்பினால் அப்படியே போகும். பழைய படத்தை ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள், கிழிந்துவிடும். அப்படியே வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், நேர் மேலே இருந்து போட்டோ எடுங்கள். கலர் பிரின்ட் போடும் கடையில் முதலில் ஒரே ஒரு பக்கத்தைப் போட்டுப் பார்த்து, நிறம் சரியாக இருந்தால் மீதியைப் போடச் சொல்லுங்கள். காசு மிச்சமாகும். காசே இல்லையா? கவலை வேண்டாம். இருக்கும் போட்டோக்களைப் பழைய நோட்டில் மூலைகளில் மட்டும் பிடிக்கும்படி செருகி, கையால் எழுதினாலும் அதுவும் புத்தகம்தான்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். மற்றவர்கள் படத்தைப் போடும் முன் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள். ஏரி, ரோடு, காட்டுப் பக்கம் படம் எடுக்கப் பெரியவர்கள் துணையில்லாமல் போகவே கூடாது. இது வீட்டுக்கான புத்தகம்; பெரியவர்களைக் கேட்காமல் இன்டர்நெட்டில் போட்டுவிடாதீர்கள்.

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடிப் பதிவு செய்திருக்கிறது. அறிஞர்கள் தேடிப்போய்ப் பாதுகாக்கும் அந்தச் செல்வம் உங்கள் வீட்டு பீரோவிலும் இருக்கிறது. அறிஞர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதியும் உங்களுக்கு இருக்கிறது. படத்தில் இருப்பவர்களை நேரில் அறிந்த பாட்டி, பக்கத்து அறையில்தான் இருக்கிறார்!

எனவே, புத்தகத்தை மெதுவாகத் தயாரியுங்கள். கேட்பதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். இன்று டிவியை அரை மணி நேரம் அணைத்துவிட்டு, ஒரே ஒரு பழைய படத்தோடு பாட்டியிடமோ, தாத்தாவிடமோ போய் உட்காருங்கள். "இது யாரு?" என்று கேளுங்கள். சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் புத்தகத்தின் முதல் பக்கம் தயார்!

அன்புடன்,
ஆசிரியர்