இரு விமான நிலையங்களுக்கு நடுவே ஸ்ரீ சிட்டி: பொதுச்சொத்து யாருக்காக?

ஸ்ரீ சிட்டிக்கு முதலீட்டாளர்களை அழைப்பவர்கள் தவறாமல் எடுத்துச் சொல்லும் பெருமை ஒன்று உண்டு. தெற்கே சென்னை விமான நிலையம், மேற்கே ரேணிகுண்டாவில் திருப்பதி விமான நிலையம். இரண்டிற்கும் இடையில், சென்னை – கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த தொழில் நகரம் என்பதே அது. அந்தப் பெருமையில் பொய் இல்லை. ஆனால், அந்த இரு நிலையங்களும் யாருடைய பணத்தில் எழுந்தவை என்பது விளம்பரங்களில் வருவதில்லை. இரண்டும் பொதுத்துறை நிறுவனமான இந்திய விமான நிலைய ஆணையத்துக்குச் சொந்தமானவை. மக்கள் பணத்தில் கட்டப்பட்டவை. இன்று இரண்டுமே ஒன்றிய பாஜக அரசின் குத்தகைப் பட்டியலில் இடம்பெற்றவை.

2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வெளியிட்ட தேசிய பணமாக்கல் திட்டம், 6 லட்சம் கோடி ரூபாய் திரட்டுவதற்காகப் பொதுச்சொத்துகளைத் தனியாரிடம் ஒப்படைக்கும் திட்டமாகும். அதில் 25 விமான நிலையங்கள் பெயர் குறித்துப் பட்டியலிடப்பட்டன. ஆந்திரத்தின் திருப்பதி, விஜயவாடா, ராஜமுந்திரி அதில் உள்ளன; தமிழ்நாட்டின் சென்னை, கோவை, மதுரை, திருச்சியும் உள்ளன. அந்த நான்காண்டுத் திட்டத்தின் காலம் முடிந்துவிட்டதே என்று யாரும் ஆறுதலடைய வேண்டியதில்லை. 2025 பட்ஜெட், அடுத்த ஐந்தாண்டுகளுக்கு 10 லட்சம் கோடி ரூபாய் என்ற புதிய இலக்கை அறிவித்திருக்கிறது.

இது விற்பனையல்ல, குத்தகைதான் என்று அமைச்சர்கள் விளக்கம் தருகிறார்கள். ஏற்கெனவே கைமாறிய நிலையங்களின் குத்தகைக் காலம் 50 ஆண்டுகள். இன்று ஸ்ரீ சிட்டியில் கைப்பேசி பொருத்தும் வேலைக்குச் சேரும் 20 வயதுப் பெண்ணுக்கு 70 வயதாகும்போதுதான் அப்படிப்பட்ட குத்தகை முடியும். அவளுடைய ஆயுட்காலத்தில் இதற்கு விற்பனை என்பதல்லாமல் வேறென்ன பெயர்?

லாபமும் நட்டமும்

சிறிய விமான நிலையங்கள் நட்டத்தில் இயங்குகின்றன, அரசால் சுமக்க முடியவில்லை என்பதே தனியார்மயத்துக்கு ஆதரவாக வைக்கப்படும் முதன்மை வாதம். இந்த வாதத்தை உடைப்பதற்கு ஒன்றிய அரசின் சொந்த நடவடிக்கையே போதுமானது. 2021 மழைக்காலக் கூட்டத்தொடரில் விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் திருத்தப்பட்டது. பல நிலையங்களை ஒரே தொகுப்பாகக் கருதிக் கட்டணம் நிர்ணயிக்கலாம் என்பது அத்திருத்தத்தின் சாரம். வருமானம் மிகுந்த பெரிய நிலையம் ஒன்றோடு, வருமானம் குறைந்த சிறிய நிலையத்தைச் சேர்த்துக் கட்டி ஏலம் விடுவதற்கான ஏற்பாடு இது. அப்படிச் சேர்த்துக் கட்டப்படும் சிறிய நிலையங்களின் வரிசையில் திருப்பதியும் வைக்கப்பட்டது.

இதன் பொருள் என்ன? பெரிய நிலையத்தின் உபரியைக் கொண்டு சிறிய நிலையத்தை நடத்துவது சரியான வழி என்பதை அரசே ஒப்புக்கொள்கிறது. இதைத்தான் விமான நிலைய ஆணையம் இத்தனை காலமும் செய்து வந்தது. சென்னையும் கொல்கத்தாவும் ஈட்டிய வருமானமே தூத்துக்குடி போன்ற சிறு நிலையங்களில் விளக்கெரிய வைத்தது. குறுக்கு மானியம் என்று பொருளாதார நூல்கள் கூறும் இந்த ஏற்பாட்டை ஆணையம் செய்தால் அது சுமை. அதையே அதானியோ ஜிஎம்ஆரோ செய்தால் அது சீர்திருத்தம்! உபரி தரும் நிலையங்களை முதலில் பறித்துக்கொண்டு, எஞ்சியதைச் சுட்டிக்காட்டி நட்டம் என்று கூக்குரலிடுவது பொதுத்துறையை வீழ்த்துவோரின் பழைய உத்தி. தொலைத்தொடர்பில் பிஎஸ்என்எல்-க்கு நேர்ந்ததும் இதுதான்.

ஏலம் எப்படி நடக்கும் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 2019இல் அகமதாபாத், லக்னோ, மங்களூரு, ஜெய்ப்பூர், குவாஹாட்டி, திருவனந்தபுரம் ஆகிய ஆறு நிலையங்கள் ஏலத்துக்கு வந்தன. ஆறும் ஒரே குழுமத்துக்குப் போயின. ஒரே நிறுவனத்துக்கு இரண்டுக்கு மேல் தரக் கூடாது என்ற பரிந்துரை நிதியமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறையிடமிருந்தே வந்தது, அது புறந்தள்ளப்பட்டது. அதுவரை ஒரு விமான நிலையத்தைக்கூட நடத்திய அனுபவம் இல்லாத அதானி குழுமம், ஒரே ஏலத்தில் ஆறு நிலையங்களின் அதிபதியானது.

அந்த ஆறில் திருவனந்தபுரத்தின் அனுபவம் தமிழ்நாட்டுத் தோழர்களுக்குத் தொலைவான செய்தியல்ல. குமரி மாவட்டத்து மீனவர்களும் கட்டடத் தொழிலாளர்களும் வளைகுடாவுக்கு விமானம் ஏறுவது அங்கிருந்துதான். கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு, தன் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் மூலம் ஏலத்தில் பங்கேற்றது, நீதிமன்றம் சென்றது, சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றிய அரசு அசையவில்லை. 2021 அக்டோபரில் நிலையம் கைமாறியது. 2024 ஜூலையில், அங்கிருந்து புறப்படும் உள்நாட்டுப் பயணியிடம் வசூலிக்கப்படும் பயனாளர் கட்டணம் 506 ரூபாயிலிருந்து 770 ரூபாயாக உயர்ந்தது. வந்திறங்கும் பயணியிடமும் 330 ரூபாய் வசூலிக்கப்பட்டது. வெளிநாட்டுப் பயணிக்கு இதனினும் கூடுதல்.

கட்டணத்தைவிடப் பெரிய கொள்ளை நிலத்தில் இருக்கிறது. 2006இல் காங்கிரஸ் தலைமையிலான அரசு தில்லி, மும்பை நிலையங்களைத் தனியாருக்குத் தந்தபோது, வெளியிலிருந்து அந்த அரசை ஆதரித்த இடதுசாரிகள் அதை எதிர்த்தனர். ஆணையத்தின் சுமார் 22,000 ஊழியர்கள் நான்கு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆறாண்டுகள் கழித்து, 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அளித்த அறிக்கை அந்த ஊழியர்கள் எச்சரித்ததை எண்களில் எழுதியது. தில்லியில் சுமார் 240 ஏக்கர் நிலம் வணிகப் பயன்பாட்டுக்காக ஆண்டுக்கு 100 ரூபாய் குத்தகையில் ஜிஎம்ஆர் தலைமையிலான நிறுவனத்துக்குக் கிடைத்தது. அதிலிருந்து 58 ஆண்டுகளில் ஈட்டக்கூடிய வருமானம் 1,63,557 கோடி ரூபாய். திருப்பதி போன்ற கோயில் நகரத்தின் வாயிலில், ஓடுதளத்தைச் சுற்றிக் கிடக்கும் நிலத்தின் மீது கண் வைப்பவர்களுக்கு விமானங்கள் எத்தனை வருகின்றன என்பது இரண்டாம் கவலை.

யாருடைய நிலையம்?

ரேணிகுண்டாவில் இன்று நிற்கும் முனையத்துக்கு 2010இல் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2015 அக்டோபர் 22 அன்று நரேந்திர மோடி திறந்து வைத்தார். கருடனின் பெயர் சூட்டப்பட்ட அந்த முனையத்துக்குச் சர்வதேசத் தகுதியும் வழங்கப்பட்டது. ஆண்டுகள் உருண்டோடியும், வளைகுடாவுக்கு அன்றாடம் செல்லும் விமானம் ஒன்றுகூட அங்கிருந்து கிளம்பவில்லை.

இது வெறும் பெயர்ப்பலகைக் குறையல்ல. ராயலசீமையின் ராஜம்பேட்டை, ராயச்சோட்டி, கடப்பை, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து குவைத்துக்குப் போகும் உழைப்பாளிகள் ஏராளம். அவர்களில் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் பெருந்தொகையினர். வறண்ட நிலமும் வட்டிக் கடனும் அவர்களைக் கடல் கடக்க வைக்கின்றன. இப்பகுதியில் உண்மையிலேயே விமானம் தேவைப்படும் உழைக்கும் மக்கள் இவர்கள்தான். ஆனால், இவர்கள் தம் மண்ணில் உள்ள சர்வதேச விமான நிலையத்தைக் கடந்து, இரவெல்லாம் பேருந்திலும் ரயிலிலும் பயணம் செய்து சென்னைக்கு வந்து விமானம் ஏறுகிறார்கள். லாபத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்ட விமான நிறுவனங்கள் இந்தத் தடத்தைத் தாமாகத் தொடங்கப்போவதில்லை. தொடங்கச் செய்யும் வல்லமை கொண்டிருந்த பொதுத்துறை ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவுக்குக் கைமாறிவிட்டது.

யாருக்கு அந்த நிலையம் விரைந்து பணியாற்றுகிறது என்பதை அறிய வேறொரு காட்சி உண்டு. ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் நன்கொடை தருவோருக்குத் திருமலையில் சிறப்புத் தரிசனம் தரும் திட்டத்துக்கு, விமானத்தில் வந்திறங்கும் பக்தர்களுக்காக ரேணிகுண்டா விமான நிலையத்திலேயே கவுண்டர் திறக்கப்பட்டது. பேருந்திலும் ரயிலிலும் வந்த பக்தர்களுக்கு என்ன கிடைத்தது? 2025 ஜனவரி 8 இரவு, வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்காகத் திருப்பதியில் காத்துக் கிடந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 6 பேர் மாண்டனர். மாண்டவர்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்றவரும் இருந்தார். பக்தியை வாக்காக மாற்றத் தெரிந்தவர்கள், பக்தர்களை வர்க்கம் பிரித்து வரிசையில் நிறுத்தவும் தெரிந்திருக்கிறார்கள்.

ஹவாய் செருப்பு அணிந்தவரும் விமானத்தில் பறப்பார் என்று 2017இல் பிரதமர் முழங்கித் தொடங்கிய உடான் திட்டத்தின் கதையை விரித்துரைக்கத் தேவையில்லை. 2023இல் வெளியான தணிக்கை அறிக்கையின்படி, ஆய்வுக்குட்பட்ட 774 தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை. சலுகைக் காலம் முடிந்த பின்னும் நீடித்தவை 54 மட்டுமே.

தடாவிலிருந்து பார்த்தால்

ஸ்ரீ சிட்டி அமைந்திருக்கும் சத்தியவேடு, தமிழ்நாட்டு மக்களுக்கு அந்நிய நிலமல்ல. செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த அப்பகுதி, படாஸ்கர் பரிந்துரையை ஒட்டிய எல்லை மாற்றத்தின்போது 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு இணைந்தது. திருத்தணி இப்பக்கம் வந்தது. இன்றும் அங்கே வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்குமாகப் பேசும் குடும்பங்கள் வாழ்கின்றன. 2008இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ சிட்டிக்காக ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் இப்பகுதியிலிருந்துதான் எடுக்கப்பட்டது. ஆலைகளுக்கு உழைப்பாளிகள் எல்லையின் இரு புறத்திலிருந்தும் வருகிறார்கள்: சத்தியவேடு, சூளூர்பேட்டை, நாயுடுபேட்டை ஒருபுறம், கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை மறுபுறம்.

அங்கே இயங்கும் அல்ஸ்டாம் ஆலை சென்னை மெட்ரோவுக்கும், சிட்னி, மாண்ட்ரியல் நகரங்களுக்கும் ரயில் பெட்டிகள் செய்து தந்தது. ஆனால், சென்னையிலிருந்து வரும் புறநகர் ரயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடுகின்றன. அதற்கு இரண்டு மூன்று நிலையங்கள் தள்ளியிருக்கும் தடாவைத் தொட்டு, சூளூர்பேட்டைவரை போகும் வண்டிகள் சிலவே. சிட்னி நகரத்தாருக்கு ரயில் செய்யும் தொழிலாளி, தன் வீட்டுக்குப் போக ஆலைப் பேருந்தை எதிர்பார்த்து நிற்கிறார். பேருந்து முதலாளியுடையது என்பதால் மிகைநேர வேலைக்கு மறுப்புச் சொல்வதும் அவருக்கு எளிதல்ல.

இந்த நிலையில்தான் 2025 ஜூனில் ஆந்திர அமைச்சரவை, ஒரு நாள் வேலைநேரத்தின் உச்சவரம்பை 9 மணியிலிருந்து 10 மணியாக உயர்த்த முடிவெடுத்தது. பெண்களை இரவுப் பணியில் ஈடுபடுத்துவதற்கான விதிகளும் தளர்த்தப்பட்டன. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முதலீட்டாளரின் பயணத்தில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தப் பொதுப்பணத்தில் ஓடுதளம். தொழிலாளியின் நாளில் ஒரு மணி நேரத்தைப் பறிக்கச் சட்டத்திருத்தம். ஸ்ரீ சிட்டியின் வளர்ச்சிக் கணக்கை இவ்விரு வரவுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒன்றியத்தில் விமானப் போக்குவரத்துத் துறை இன்று தெலுங்கு தேசத்தின் ராம் மோகன் நாயுடுவிடம் இருக்கிறது. மாநில முதல்வர் சந்திரபாபு நாயுடுவோ சித்தூர் மாவட்டத்துக்காரர். மோடி அரசு நிலைத்திருப்பதே இவர்களுடைய ஆதரவால்தான். ரேணிகுண்டாவைப் பட்டியலிலிருந்து நீக்கு என்று ஒரு சொல் சொல்ல இவர்களுக்கு முடியாதா? முடியும், மனமில்லை. 2021இல் பட்டியல் வெளியானபோது அமராவதியில் ஆட்சியிலிருந்த ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸும் அதைத் தடுக்க எழவில்லை. மற்ற எல்லாவற்றிலும் ஒருவரையொருவர் தூற்றும் இரு கட்சிகள், தனியார்மயம் என்றதும் ஒரே பாதையில் நடக்கின்றன.

விமானம் பணக்காரர்களின் வாகனம், அதைப் பற்றித் தொழிலாளர் இயக்கம் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற கேள்வி நம் அணிகளுக்குள்ளும் எழுவதுண்டு. விமான நிலையத்தின் நிலம் பணக்காரர்களுடையதல்ல. முனையத்தைக் கட்டிய பணமும் அவர்களுடையதல்ல. அங்கே பெட்டி தூக்குபவர்களும், துப்புரவு செய்பவர்களும், காவல் நிற்பவர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். குவைத்துக்குப் போகும் ராஜம்பேட்டைப் பெண் பணக்காரரல்ல. பொது நிர்வாகத்தில் நடத்தினால் நிலையம் தேறாது என்போருக்கு அண்டை மாநிலத்தில் பதில் இருக்கிறது: கேரள அரசை முதன்மைப் பங்குதாரராகக் கொண்டு 1999இல் திறக்கப்பட்ட கொச்சி விமான நிலையம் லாபத்தில் இயங்குகிறது, 2015 முதல் தன் மின்தேவையைச் சூரிய ஒளியிலிருந்தே பெறுகிறது.

ஆகவே ரேணிகுண்டாவுக்கான கோரிக்கைகள் தெளிவானவை. திருப்பதியும் அதனோடு பட்டியலிடப்பட்ட நிலையங்களும் ஆணையத்திடமே நீடிக்க வேண்டும். குவைத்துக்கும் வளைகுடாவின் பிற நகரங்களுக்கும் நேரடி விமானங்கள் தொடங்கப்பட வேண்டும். ஓடுதளத்துக்கு நிலம் தந்த குடும்பங்களுக்கு நிலையத்தில் நிரந்தர வேலை தரப்பட வேண்டும். பணி நேரங்களுக்கு ஏற்ப சூளூர்பேட்டைவரை புறநகர் ரயில்கள் நீட்டிக்கப்பட வேண்டும். இவற்றை விமான நிலைய ஊழியர் சங்கத்தின் தனிக் கோரிக்கையாக விட்டுவிட்டால் 2006இன் அனுபவமே திரும்பும். அன்று அந்த 22,000 பேரும் ஏறத்தாழத் தனித்தே நின்றார்கள். சத்தியவேட்டிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஆலைத் தொழிலாளர்களிடமும், ராஜம்பேட்டையில் வளைகுடாக் குடும்பங்களிடமும், திருச்சியிலும் மதுரையிலும் கோவையிலும் இதே பட்டியலில் சிக்கியுள்ள மக்களிடமும் இப்பிரச்சனை இப்போதே கொண்டு செல்லப்பட வேண்டும். திருவனந்தபுரத்தில் ஒரு மாநில அரசே எதிர்த்து நின்றும், ஏலம் முடிந்த பிறகு எதையும் திருப்ப முடியவில்லை. ரேணிகுண்டா இன்னும் பொதுத்துறையிடம்தான் இருக்கிறது.